நல்ல பிரேக்கைக் கழற்றச் சொல்லும் விதி: போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தில் மோட்டார் வாகன விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு போக்குவரத்துத் துறையின் உயர் அதிகாரிகளுக்கும்,

போன மாதம் ஒரு காரின் முன் சக்கரங்களிலிருந்து டிஸ்க் பிரேக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 1967ஆம் ஆண்டின் டிரம் பிரேக்குகளைப் பொருத்தினேன். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. நானே பொருத்தி, நானே ஓட்டிப் பார்த்து, திருப்தியான பிறகே வெளியே விட்டவை அவை. 31 ஆண்டுகளாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் கார்ப் பட்டறை நடத்துகிறேன். ஒரு காரை, இருந்ததைவிட ஆபத்தான காராக மாற்றி உரிமையாளர் கையில் கொடுத்தது இதுவே முதல் தடவை. அப்படிச் செய்தால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது ஒரு அம்பாசடர் மார்க் 2. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருடையது. அவருடைய கணவர் வாங்கிய கார். கணவர் இறந்த பிறகு எட்டு ஆண்டுகள் போர்டிகோவில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. டீச்சர் என்னிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. "தம்பி, பேரப்பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து நான் இதில் பொள்ளாச்சி வரை போய்வர வேண்டும். பயமில்லாமல் போய்வர வேண்டும்." இந்த 'பயமில்லாமல்' என்ற சொல்லுக்காகத்தான் 14 மாதம் வேலை செய்தோம்.

அம்பாசடரை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். லாரியைப் போல அதற்கு அடியில் தனி இரும்புச் சட்டகம், அதாவது சேஸிஸ், கிடையாது. உடம்பேதான் எலும்பு. தரைத்தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும் அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே போயிற்று. டீச்சரின் காரில் கால்மிதியைத் தூக்கியபோது ஓட்டை வழியே பட்டறைத் தரை தெரிந்தது. மற்ற இடங்களில் ஏற்கெனவே யாரோ துருவின்மேல் தகரத்தை வைத்து, பட்டி பூசி, தார் அடித்து மூடியிருந்தார்கள். உளியால் தட்டத் தட்டத் துரு அப்பளமாக உதிர்ந்தது. அரித்தது முழுவதையும் வெட்டி எடுத்து, புதுத் தகட்டை மடித்து, அடியில் தாங்கு கொடுத்து, கதவுகள் நான்கும் தொங்காமல் சாத்துகின்றனவா என்று ஒவ்வொரு வெல்டிங்குக்குப் பிறகும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். என் டிங்கருக்கு வயது 62. அந்தக் கைப்பக்குவம் இன்று எங்கள் வட்டாரத்தில் நாலைந்து பேரிடம்தான் இருக்கிறது.

அடுத்தது பிரேக். அந்தக் கால அம்பாசடரில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்க் குழாய் வழிதான். ஏதாவது ஒரு சக்கரத்தின் சிலிண்டரில் விரல் நுனி அளவு ரப்பர் கப் கிழிந்தால் போதும், எண்ணெய் முழுவதும் வெளியேறி, பிரேக் மிதி தரைத்தகடு வரை இறங்கிவிடும். நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிடும். பல ஆண்டுகளுக்கு முன்பு வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் சாலையில், 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்த இறக்கத்தில், வாடிக்கையாளர் ஒருவரின் பழைய அம்பாசடரில் அப்படி நடந்தபோது நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். முதல் கியருக்கு இறக்கி, கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்தினார். மூன்று பேர் உயிரோடு இறங்கினோம். பற்கள் கிட்டித்துக்கொண்டு பேச்சு வரவில்லை. அன்றிலிருந்து என் பட்டறைக்கு வரும் எந்தப் பழைய காருக்கும் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரை நான் சிபாரிசு செய்யாமல் விட்டதில்லை. அதில் ஒரு வழி போனாலும் இன்னொன்று பிடிக்கும்.

டீச்சரின் காருக்கு அதைப் போட்டோம். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போட்டோம். டிரம் மூடிய சட்டி. நீண்ட இறக்கத்தில் உள்ளே சூடேறி, லைனிங் பிடிப்பை இழந்துவிடும். டிஸ்க் காற்றில் திறந்திருப்பதால் சூடு சீக்கிரம் ஆறும். கதவுத் தூணில் உள்ளே கனத் தகடு வைத்து வெல்டிங் செய்து, தோளைக் கடந்து வரும் சீட் பெல்ட்டுகளை முன்னும் பின்னும் பொருத்தினோம். ரேடியல் டயர் போட்டோம். 1489 சிசி பழைய எஞ்ஜின் கேஸ்கட்டெல்லாம் போய், எண்ணெயைக் குடித்துப் புகை கக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, முறைப்படி உடைக்கப்பட்ட ஒரு பிற்கால அம்பாசடரிலிருந்து இசுசு 1817 சிசி எஞ்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் ரசீதோடு வாங்கி வைத்தோம்.

இந்த எஞ்ஜினை அம்பாசடருக்குள் முதலில் வைத்தவன் நான் அல்ல. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அந்தக் காரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990களில் இதே உடம்புக்குள் இதே எஞ்ஜினை வைத்து விற்றது. அம்பாசடர் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை ஏறக்குறைய ஒரே உருவத்தில் வந்த வண்டி. உருவம் மாறவில்லை, உள்ளே எஞ்ஜின் மாறியது, கியர் மாறியது, பின்னாளில் வந்த சில வகைகளில் முன் டிஸ்க்கும் வந்தது. தொழிற்சாலை 30 ஆண்டுகளில் படிப்படியாகச் செய்ததைத்தான் நாங்கள் ஒரே வண்டியில் 14 மாதத்தில் செய்தோம்.

பிறகு பதிவைப் புதுப்பிக்க வண்டியை வட்டார அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ஆய்வாளர் நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அலுவலகத்தின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். அடியில் குனிந்து வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். "வேலை சுத்தமாக இருக்கிறது. மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் எந்த விதியைக் காட்டிக் கையெழுத்துப் போடுவேன், நீங்களே சொல்லுங்கள்" என்றார். எஞ்ஜின் எண் பொருந்தவில்லை, சிசி பொருந்தவில்லை. சரி, அது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆர்.சி.யில் பிரேக்கைப் பற்றி ஒரு வரி உண்டா? கிடையாது. இருந்தாலும், தயாரித்தவர் அந்த ஆண்டில் கொடுத்தது எதுவோ அதுவாகவே எல்லாம் இருக்கட்டும், பிறகு கேள்வி வந்தால் இருவருக்கும் தொல்லை என்றார். பக்கத்து மாவட்டத்தில் இதே டிஸ்க் பொருத்திய வேறொரு கார் எந்தக் கேள்வியும் இல்லாமல் தேறியிருந்தது. அதையும் சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

எங்கள் ஊர்களில் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறோம். வண்டி நிற்குமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை என்று மக்கள் வைத்த பெயர் அது. அந்த வேலையை அவர் செய்ய முடியாதபடி உங்கள் விதி அவர் கையைக் கட்டியிருக்கிறது.

இப்போது பழைய எஞ்ஜினைச் செப்பனிட்டு உள்ளே வைத்தாயிற்று. டிரம் பிரேக் பூட்டியாயிற்று. 10,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஐந்து ஆண்டுக்குப் பதிவும் வந்துவிட்டது. சட்டப்படி அது இப்போது சாலைக்குத் தகுதியான வண்டி. டீச்சர் அதைத் தெருமுனை தாண்டி ஓட்டுவதில்லை. பேரப்பிள்ளைகளை ஏற்றுவதே இல்லை. கழற்றிய டிஸ்க்குகள் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, என் பட்டறை மூலையில் இருக்கின்றன.

விதிகளைப் படிக்காமல் இதை எழுதவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீட் பெல்ட் பொருத்திய உரிமையாளரும், காதைக் கிழிக்கும் சைலன்சர் பொருத்திய உரிமையாளரும் இந்தப் பிரிவின் முன்னால் ஒரே வரிசையில் நிற்க வேண்டிவருகிறது.

பழைய கார்களுக்கென்று 2021 ஜூலையில் நீங்கள் தனி விதிகள் கொண்டுவந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். 50 ஆண்டு கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு, 'விஏ' என்ற எழுத்தோடு தனி எண் பலகை, புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் நிபந்தனையைப் பாருங்கள்: வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்ஜினிலோ கணிசமான மாற்றம் நடந்திருக்கக் கூடாது. உடம்பே எலும்பான ஒரு காரில், அரித்த தரையை வெட்டித் தைத்ததே கணிசமான மாற்றம் என்று ஓர் அதிகாரி சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்? ஐம்பது மழைக்காலம் பார்த்த கார் ஒன்று தரை அரிக்காமல் நம் ஊரில் எங்கே இருக்கிறது? அப்படியே பதிவு கிடைத்தாலும் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார்ப் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு, இவ்வளவுதான். டீச்சருக்குப் பொள்ளாச்சி போக அனுமதி இல்லை.

மறுபக்கம் வண்டியை உடைக்கக் கொடுத்தால், அந்தச் சான்றிதழைக் காட்டிப் புதுக் கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை. 2022 ஏப்ரல் வரை 600 ரூபாயாக இருந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆயிற்று. தொடாமல் காட்சிக்கு வை, இல்லையென்றால் உடைத்துப்போடு என்று இரண்டே வழியைத்தான் நாங்கள் பார்க்கிறோம். பழைய உருவத்தைக் காப்பாற்றி, உள்ளே இன்றைய பாதுகாப்பைக் கொடுத்து, சாலையில் ஓட்டும் மூன்றாவது வழிக்கு உங்கள் விதிப் புத்தகத்தில் பெயரே இல்லை.

உலகத்தில் அதற்குப் பெயர் இருக்கிறது. 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி, வெயிட்டைக் குறைத்து, எஞ்ஜினை முறுக்கேற்றி ஓட்டிய இளைஞர்கள் தொடங்கியதுதான் ஹாட் ராட். 1932இல் ஃபோர்டு மலிவு விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்ஜின் கொடுத்ததும் அது பற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் நகரத் தெருக்களில் பந்தயம் விட்டுப் பத்திரிகைகளிடமும் போலீசிடமும் கெட்ட பெயர் வாங்கினார்கள். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? 1951இல் அந்த இளைஞர்களுக்கென்று தேசிய சங்கம் ஒன்று உருவாயிற்று. 1954இல் அதன் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஓடுதளத்தில் முறையாக ஓட்டவும் வண்டியைச் சோதித்து அனுப்பவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்று கலிபோர்னியாவில், கைப்படக் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு முதல் 500ஐ, உடம்பின் அல்லது எஞ்ஜினின் ஆண்டுக்கு உரிய புகை விதிப்படி பதிவு செய்ய முடிகிறது. ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த காருக்கு 'எச்' என்ற எழுத்தோடு எண் பலகை. அதைக் கொடுப்பதற்கு முன் தொழில்நுட்ப நிபுணர் வண்டியைப் பார்க்கிறார். அந்தக் காலத்திலேயே வழக்கில் இருந்த மாற்றங்களை ஏற்கிறார். அந்த வண்டி சாலையில் ஓடுகிறது.

நமக்கும் இது அந்நியமானதல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் நம்மவர்கள் பந்தயத்தில் ஓட்டிய கார்களில் பல, ஃபியட்டும் ஹெரால்டுமாகப் பட்டறைகளில் பிரித்துக் கட்டியவை. கோயம்புத்தூரின் கரிவரதன் மாருதி எஞ்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே உருவாக்கினார். அந்தக் காரில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் களத்தில் நின்றார். மோட்டாரும் பம்பும் வார்ப்படமும் கடைசலும் வீதிக்கு வீதி இருக்கும் ஊர் இது. இந்தக் கைகளுக்கு ஒரு டிஸ்க் பிரேக்கைச் சரியாகப் பொருத்தத் தெரியாது என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள்?

உங்கள் கவலை எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். முன்னால் இரும்புக் கம்பி கட்டி நடந்துபோகிறவர் எலும்பை நொறுக்கும் வண்டிகளை நானும் பார்க்கிறேன். ஒருமுறை பழைய பிரீமியர் பத்மினி காருக்குள் இன்றைய எஞ்ஜினை நுழைத்து, பிரேக்கை மட்டும் பழையபடியே விட்டுக் கொண்டுவந்தான் ஒரு பையன். வேகத்தைக் கூட்டி, நிறுத்தும் சக்தியைத் தொடவில்லை. அந்த வண்டியைப் பட்டறைக்குள் ஏற்க மறுத்தேன், அவன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த வண்டியைத் தடுக்க விதி வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த வண்டியையும் டீச்சரின் வண்டியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த விதி வேண்டும். இப்போதிருப்பது பிரித்துப் பார்ப்பதில்லை. அதன் விளைவையும் சொல்லிவிடுகிறேன்: பலர் மாற்றத்தை மறைத்து ஓட்டுகிறார்கள். ஆய்வுக்குப் போகும் வாரம் பழைய பாகத்தைப் பூட்டி, வந்ததும் கழற்றுகிறார்கள். யார் பொருத்தினார்கள், எப்படிப் பொருத்தினார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. விபத்து நடந்தால் காப்பீடும் கேள்விக்குள்ளாகிறது. நான் மறைக்க விரும்பவில்லை. திறந்து காட்டத்தான் கொண்டுவந்தேன்.

இதற்கு நாடாளுமன்றம் போய்ச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. 2019 திருத்தத்திலேயே, வாகன மாற்றங்களுக்கான தரத்தையும் நிபந்தனையையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று இடம் வைத்திருக்கிறீர்கள். பெட்ரோல் எஞ்ஜினையே தூக்கி எறிந்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட மின்மோட்டார்த் தொகுப்பைப் பொருத்த வழிசெய்திருக்கிறீர்கள். அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு விதி எழுத முடிந்த உங்களால் இதற்கும் முடியும்.

அதனால் கேட்கிறேன்.

முதலாவதாக, மாநிலப் போக்குவரத்துத் துறை உடனே செய்யக்கூடியது. பழைய காரில் இரட்டை வழி பிரேக், முன் டிஸ்க், சீட் பெல்ட், ரேடியல் டயர், அபாய விளக்கு ஆகியவற்றைப் பொருத்தியதற்காகப் பதிவுப் புதுப்பிப்பை மறுக்கக் கூடாது என்று எல்லா வட்டார அலுவலகங்களுக்கும் எழுத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரு மாவட்டத்தில் தேறுவது அடுத்த மாவட்டத்தில் விழக் கூடாது. விதி இடம் கொடுக்கவில்லை என்று நினைத்தால், அதையாவது எழுத்தில் மத்திய அமைச்சகத்துக்குச் சொல்லி விளக்கம் கேளுங்கள்.

மத்திய அமைச்சகத்திடம் கேட்பது பெரியது. 30 ஆண்டு கடந்த கார்களுக்கு 'மேம்படுத்திய பழைய வாகனம்' என்று ஒரு தனி வகையை 52ஆம் பிரிவின் கீழ் உருவாக்குங்கள். அதே நிறுவனம் அதே மாதிரிக்குப் பிற்காலத்தில் கொடுத்த எஞ்ஜினையும் கியர் பெட்டியையும், ரசீதும் உடைப்புச் சான்றும் இருந்தால், ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். புகைச் சோதனையை அந்தப் புதிய எஞ்ஜினின் ஆண்டுக்கு உரிய அளவில் வையுங்கள், நாங்கள் தேறுகிறோம். எஞ்ஜின் சக்தி கூடினால் பிரேக்கும் கூடியே ஆக வேண்டும் என்று நிபந்தனையாகவே எழுதுங்கள். அந்தப் பத்மினிப் பையன் அங்கேயே நிற்பான்.

சோதனைக்கு ஒரு வழி வேண்டும். இன்று அங்கீகாரம் என்பது ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் நிறுவனங்களுக்கு ஏற்ற செலவிலும் நடைமுறையிலும் இருக்கிறது. ஒற்றை வண்டியோடு வருகிறவர் அதற்குள் நுழைய முடியாது. சென்னைக்கு அருகே ஓரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, புனேயில் இருக்கிறது. அங்கே தனி வண்டிக்கு ஒரு நாள் சோதனையை, உரிமையாளர் தாங்கக்கூடிய கட்டணத்தில் தொடங்குங்கள். நிறுத்தும் தூரம், வெல்டிங், பெல்ட் பிடிமானம், விளக்கு, புகை, எல்லாவற்றையும் பாருங்கள். எண்ணிக்கை பெருகிவிடும் என்று அஞ்சினால், கலிபோர்னியாவைப் போல ஆண்டுக்கு இத்தனை வண்டி என்று வரம்பு கட்டுங்கள். வரிசையில் நிற்கத் தயாராக இருக்கிறோம்.

இந்த வேலையைச் செய்யும் பட்டறைகளைப் பதிவு செய்யுங்கள். பொருத்தியவர் கையெழுத்து கோப்பில் இருக்கட்டும். பிழை இருந்தால் என்னைக் கேளுங்கள், பொறுப்பேற்கிறேன். அதுவரை, மாற்றத்தைத் தானாக முன்வந்து அறிவிக்கும் உரிமையாளர் மீது 182ஏ பிரிவு பாயாது என்று உறுதி கொடுங்கள். அந்த உறுதி இல்லாதவரை எவரும் வெளியே வரமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மடலுக்குப் பதில் எழுதுவதற்கு முன், உங்களில் ஒருவர் இங்கே வாருங்கள். டீச்சரிடம் சொல்லிவிட்டேன், சம்மதித்திருக்கிறார். இப்போதிருக்கும் நிலையில் வண்டியை ஆளில்லாத மைதானத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, நீங்களே பிரேக்கை மிதியுங்கள். நின்ற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போடுவோம். பிறகு எனக்கு மூன்று நாள் கொடுங்கள். சாக்கில் இருப்பவற்றைப் பூட்டித் தருகிறேன். அதே இடத்தில், அதே வேகத்தில் மறுபடி மிதித்து, இரண்டாவது கோட்டையும் போட்டுவிட்டு, எந்த நிலையில் அந்தக் காரைச் சாலைக்கு அனுப்பலாம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார்ப் பட்டறைக்காரன்,
கோயம்புத்தூர் மாவட்டம்